குழந்தை நேத்து என்ன சாப்பிட்டுச்சு?



நம்ம பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். பதிலும் ஒன்றே ஒன்றுதான். "ஆச்சுங்க." வயிறு காய்ந்து கிடந்தாலும் "ஆச்சு" என்றுதான் சொல்வோம். அது மரியாதை. ஆனால் பால்வாடி டீச்சரோ, சுகாதார நர்ஸோ, கணக்கெடுக்க வரும் பெண்ணோ, "குழந்தை நேத்து என்னம்மா சாப்பிட்டுச்சு?" என்று கேட்கும்போதும் அதே மரியாதைப் பதிலைத்தான் சொல்லி அனுப்பி விடுகிறோம். அந்தப் பதில் எங்கே போகிறது, அதனால் என்ன ஆகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் நடந்தது இது. குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு எழுத ஒரு பெண் வந்திருந்தார். மூன்று வயசுப் பெண் குழந்தை உள்ள வீடு. மாமியார் திண்ணையில், மாமனார் நாற்காலியில். நடுவில் மருமகள், இடுப்பில் குழந்தை. "நேத்து பால் குடிச்சுதாம்மா?" என்று கேட்டதும், "குடிச்சா, ரெண்டு வேளையும் குடிச்சா" என்றாள் மருமகள். பாக்கிக்காகப் பால்காரர் அந்த வாரம் பாலை நிறுத்தியிருந்தது தெருவுக்கே தெரியும். அவள் பொய்க்காரி இல்லைங்க. மாமனார் எதிரில் வீட்டு மானத்தைக் காப்பாற்றினாள். ஆனால் தாளில் என்ன ஏறியது? "பால் - 2 வேளை." அந்தத் தாளைப் பார்க்கிறவருக்கு அந்தக் குழந்தை பால் குடித்த குழந்தை. இப்படி நூறு வீட்டில் நூறு மருமகள்கள் மானத்தைக் காப்பாற்றினால், தாளில் எல்லாக் குழந்தைக்கும் வயிறு நிறைந்து விடும். திட்டம் போடுகிறவர்கள், "இந்த ஊரில் குறை ஒன்றும் இல்லை" என்று அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

"பெரியவங்க எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு அவங்களையே கேட்டுடலாம். ஐந்து வயசுக்குக் கீழே உள்ளதை எப்படிக் கேட்கிறது?" என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதற்குப் பேச்சு போதாது, கணக்கும் தெரியாது. அதனால் அம்மாவின் வாய்தான் அதன் வாய். நாம் சொல்வதுதான் சாட்சி.

இப்படிக் கேட்டு எழுதுவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. அது நம் நீலகிரிக் குன்னூரோடு சம்பந்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன இடத்தில் ஆரம்பித்த வேலைதான், வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று நிற்கிறது. நம் நாட்டு அரிசி, பருப்பு, கீரை, மீன் இவற்றில் என்ன சத்து எவ்வளவு என்ற பட்டியலை, குன்னூரில் இருந்த அய்க்ராய்டு என்பவர் 1937-இலேயே வெளியிட்டார். 2017-இல் 528 உணவுகளுக்குப் புதிய பட்டியலே வந்துவிட்டது. பட்டியல் தயார். ஆனால் குழந்தை எத்தனை கிராம் சாப்பிட்டது என்பது தெரிந்தால்தானே பட்டியலைத் திறக்க முடியும்?

அதற்காக 1972-இல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு என்று ஒன்றை ஆரம்பித்து, தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் வீடு வீடாகப் போனார்கள். கையில் தராசு மட்டும் இல்லை. சின்னதும் பெரியதுமாக 12 அளவுக் கிண்ணங்கள். "நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை வீட்டில் என்ன சமைத்தீர்கள்? எவ்வளவு பருப்பு போட்டீர்கள்? வெந்து இறக்கியபோது எவ்வளவு இருந்தது? குழந்தையின் தட்டில் எத்தனை கரண்டி விட்டீர்கள், இந்தக் கிண்ணத்தில் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். இதற்கு 24 மணி நேர நினைவுக் கணக்கு என்று பெயர். கல்யாணம், விசேஷம், விரதம் வந்த நாளாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாதாரண நாள்தான் வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு உண்மை பேசும் என்று ஒரு சாம்பாரை வைத்துப் பார்க்கலாம். 100 கிராம் துவரம்பருப்பு போட்டு ஒரு லிட்டர் சாம்பார் வைக்கிறோம். குழந்தையின் சாதத்தில் ஒரு சின்னக் கரண்டி, 50 மில்லி ஊற்றுகிறோம். லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் குழந்தைக்குப் போன பருப்பு 5 கிராம். அதில் உள்ள புரதம் சுமார் 1 கிராம். அதுவும் அடியில் தங்கிய பருப்பைக் கலக்கி ஊற்றினால்! "காரமா இருக்கும்" என்று மேலே தெளிந்த தண்ணியை மட்டும் எடுத்து ஊற்றினால் அதுவும் இல்லை. "தினமும் பருப்பு சாம்பார்தாங்க சாப்பிடுறா" என்று நாம் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஒரு கோழி முட்டையில் இருக்கும் புரதம் 6 கிராமை ஒட்டி வரும். ஒரு முட்டைக்கு ஆறு வேளை சாம்பார்! அதனால்தான் "என்ன" என்று கேட்டதோடு விடாமல் "எவ்வளவு" என்றும் கேட்கிறார்கள்.

நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1842-இலேயே சர்க்கரை ஆலை வந்த ஊர் எங்களுடையது. கரும்பு வண்டி எடை போடாமல் ஆலைக்குள் போகாது. எடையில் கொஞ்சம் முன்னே பின்னே என்றால் விவசாயி விடமாட்டார். கரும்புக்கு இத்தனை கறாராக இருக்கிற நாம், பெற்ற பிள்ளையின் தட்டுக்கு மட்டும் "ஏதோ சாப்பிடுதுங்க" என்று குத்துமதிப்பு சொல்லலாமா?

இன்னொரு முறையும் உண்டு. அதில் கிண்ணமும் வேண்டாம், தராசும் வேண்டாம். "போன ஏழு நாளில் எத்தனை நாள் கீரை சாப்பிட்டது? எத்தனை நாள் முட்டை? எத்தனை நாள் பப்பாளி, மாம்பழம்?" என்று நாட்களை மட்டும் எண்ணுவது. குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், பார்வையே போகும் அல்லவா? அந்த ஆபத்து எந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1990-களில் 28 உணவுகளை வைத்து இப்படி ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் பேசினால் போதும். எங்கோ ஒரு நாள் சாப்பிடுகிற கீரையும் ஈரலும் நேற்றைய கணக்கில் விட்டுப் போகும். ஏழு நாள் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் கணக்கை வைத்து ஒரு குழந்தையை எடை போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இன்று ஒரு பிடி சாப்பிடும், நாளைக்கு மூன்று இட்லி கேட்கும். ஆனால் ஆயிரம் வீட்டில் ஆயிரம் "நேற்று" சேர்ந்தால் ஊர் நிலவரம் தெரிந்துவிடும். காலமும் முக்கியம். பக்கத்துப் பண்ருட்டியில் பலாப்பழம் குவிகிற மாதத்தில் வந்து கேட்டால் எல்லாக் குழந்தையும் பழம் தின்ற குழந்தைதான். ஐப்பசி மழையில் வேலையில்லாத வாரத்தில் வந்து கேட்டால் கதையே வேறு.

"சரி, இதையெல்லாம் எழுதி என்ன கண்டார்கள்?" என்று கேட்பீர்கள். நம் சேலத்தில் 1918-இல் பிறந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் சி.கோபாலனின் பெயரை அவசியம் சொல்ல வேண்டும். 1960-களில் உலகமெல்லாம் "ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம்தான் குறை, புரத மாவு கொடுங்கள்" என்று பேசிக்கொண்டிருந்தது. கோபாலனும் அவருடைய குழுவினரும் சின்னக் குழந்தைகளின் உண்மையான சாப்பாட்டைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நம் சாதமும் பருப்புமான சாப்பாட்டையே குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டால் புரதம் பெரும்பாலும் வந்துவிடுகிறது; உண்மையான குறை சாப்பாட்டின் மொத்த அளவிலேயே, அதாவது கலோரியிலேயே இருக்கிறது என்று சொன்னார்கள். 1970-களில் உலகமே அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. நம்மைப் போன்ற அம்மாக்கள் சொன்ன "நேத்து ரெண்டு வாய் சோறுதாங்க சாப்பிட்டான்" என்ற உண்மைதான் அதற்கு ஆதாரம்.

இந்தக் கணக்கையும் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்குக் குறையாமல் வேண்டும். நூறு கிராம் வெந்த சாதத்தில் இருப்பது 130 கலோரியை ஒட்டித்தான். வெறும் சாதத்தால் நிரப்ப வேண்டும் என்றால் எட்டுக் கிண்ணம். அந்தச் சின்ன வயிறு தாங்குமா? அதனால்தான் மூன்று வேளையோடு நிறுத்தாமல் ஐந்து வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசையுங்கள் என்று சொல்கிறார்கள். ஒரு டீஸ்பூன் நெய்யில் சுமார் 45 கலோரி. விலை உயர்ந்த டப்பா மாவு செய்யும் வேலையில் பாதியை, வீட்டிலுள்ள நெய்யும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் செய்துவிடும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்கெடுப்புகளால் பலன் இருந்தது. 1970-களின் ஆரம்பத்தில் நம் மாநிலம் முழுக்கப் பெரிய ஊட்டச்சத்து ஆய்வு ஒன்று நடந்தது. பிறகு 1980-இல் வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் குறி வைத்தது. கிராமத்தில் மாதா மாதம் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்குச் சத்துணவு கொடுத்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்து பால்வாடிக் குழந்தைகளுக்கும் மதியச் சாப்பாட்டைக் கொண்டு வந்தது.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் அம்மாக்களிடம் நேற்றைய சாப்பாட்டைக் கேட்டு எழுதியதில், நாடு முழுக்க 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் போதுமான வகையும் வேளையும் கிடைக்கிறது என்று வந்தது. அதே கணக்கெடுப்பில் ரத்தம் பார்த்ததில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தப் பரிசோதனை "குறை இருக்கு" என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று தெரிய, தட்டில் என்ன இருந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் பதில் சொல்லும்போது எங்கே தவறுகிறது? நான் கேட்டுப் பழகியதில் தெரிந்தவை இவை.

கொஞ்சமாகச் சாப்பிடும் குழந்தையின் அம்மா கூட்டிச் சொல்வாள், "சரியா வளர்க்கலைன்னு சொல்லிடுவாங்களே" என்ற பயம். நன்றாகச் சாப்பிடும் குழந்தையின் அம்மா குறைத்துச் சொல்வாள், "கண்ணு பட்டுடும்" என்ற பயம். கடைசியில் இரண்டு குழந்தையும் தாளில் ஒரே மாதிரி ஆகிவிடும்.

தட்டில் போட்டதைச் சொல்வோம். தட்டில் மிஞ்சியதைச் சொல்ல மாட்டோம். பாதி தரையில், கால்வாசி காக்காய்க்கு, மிச்சம் நம் வாயில்.

நாம் கொடுத்ததை மட்டும் சொல்வோம். தாத்தா கடைக்குத் தூக்கிப்போய் வாங்கித் தந்த பிஸ்கட், எதிர்வீட்டு ஆயா ஊட்டிய ஆப்பம், பால்வாடியில் சாப்பிட்ட முட்டை, அண்ணன் பையில் இருந்த சிப்ஸ் இதெல்லாம் விட்டுப் போகும். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவைக் குழந்தை சாப்பிட்டதா, இல்லை வீட்டில் எல்லோருக்கும் உருண்டையாகப் போனதா என்பதையும் சொல்ல மாட்டோம்.

"பால் குடிச்சான்" என்போம். அது டம்ளர் பாலா, பாதி தண்ணீரா, பிஸ்கட் தொட்டுக்கொள்ளக் கொடுத்த டீயா? அதைச் சொன்னால்தான் கணக்கு.

இந்தக் கேள்விகளை யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று தோன்றினால் வீட்டிலேயே ஒரு பழைய நோட்டை எடுங்கள்.

1. மூன்று நாள் எழுதுங்கள். அதில் ஒரு நாள் ஞாயிறாக இருக்கட்டும். கல்யாண வீட்டு நாள் வேண்டாம்.

2. குழந்தைக்கென்று ஒரு கிண்ணம், ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் ஒதுக்குங்கள். "அரைக் கிண்ணம்", "முக்கால் டம்ளர்" என்று அதிலேயே எழுதுங்கள்.

3. சாப்பிட்ட உடனே எழுதுங்கள். போட்டது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு, இரண்டும் வேண்டும்.

4. யார் கொடுத்தாலும் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். முக்கியமாகத் தாத்தாவிடம்.

5. இரவில் குழந்தை தூங்கிய பிறகு ஒருமுறை காலையிலிருந்து நினைத்துப் பாருங்கள். விட்டுப்போனது நினைவுக்கு வரும்.

6. கடைசியில் வகையை எண்ணுங்கள். தாய்ப்பால்; அரிசி, கேழ்வரகு, கிழங்கு; பருப்பு, கடலை; பால், தயிர்; மீன், கறி; முட்டை; கீரையும் மஞ்சள் நிறப் பழம், காய்கறியும்; மற்ற காய், பழம். இந்த எட்டில், இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்தாவது வரவேண்டும். தாய்ப்பால் மறந்த பெரிய குழந்தைக்கும் இதே பட்டியலை வைத்துக்கொண்டு எது வரவே இல்லை என்று பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி எழுதினாள். அவள் நான்கு வயசுப் பையன் "ஒண்ணுமே சாப்பிடறதில்லை" என்று மாமியாரும் அவளும் தினம் வழக்கு. மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்தால், மதியம் பதினொன்றரைக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் தவறாமல் பிஸ்கட் பாக்கெட். சோற்றுக்கு முன்னாலேயே வயிற்றில் இடம் போய்விடுகிறது. மீன் மூன்று நாளும் வீட்டில் இருந்தது. கடலூர் முதுநகரிலிருந்து மீன் வருகிற ஊராயிற்றே! ஆனால் முள்ளுக்குப் பயந்து பையனுக்குக் குழம்பு மட்டும். யாரையும் குறை சொல்லாமல் நோட்டே சொல்லிவிட்டது. பிஸ்கட் நேரத்தை மாற்றினார்கள். பாட்டியே முள் எடுத்து ஊட்ட ஆரம்பித்தார். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டியபோது, "இப்படி எழுதிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாராம்.

கேட்க வருகிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. "பால் குடிச்சுதா? முட்டை சாப்பிட்டுச்சா?" என்று முதலிலேயே கேட்காதீர்கள். "ஆமாம்" என்றுதான் வரும். "காலையில எழுந்ததும் முதல்ல என்ன கொடுத்தீங்க?" என்று ஆரம்பித்து, அம்மாவைத் தடுக்காமல் பேச விடுங்கள். பிறகு விட்டுப்போனதைக் கேளுங்கள். அளவைக் கடைசியில் கேளுங்கள். முடிந்தால் அடுப்படியில், கொல்லைப்புறத்தில் வைத்துக் கேளுங்கள். மாமனார் எதிரில் எந்த மருமகளும் "எங்க வீட்ல பால் இல்லீங்க" என்று சொல்ல மாட்டாள். "இல்லை" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் சுளித்தால் அடுத்த கேள்விக்கு "ஆமாம்" வந்துவிடும்.

தாய்மார்களே, இது நம்முடைய கெட்டிக்காரத்தனத்துக்கு வைக்கிற பரீட்சை இல்லை. "பால் இல்லை" என்று நாம் சொல்லும் இரண்டு வார்த்தையால் நம் மானம் போகாது. அதைச் சொல்லாமல் விட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான். அடுத்த முறை கேட்டால் உள்ளதை உள்ளபடி, கரண்டிக் கணக்கோடு சொல்லுங்கள்.

நோட்டு எழுதிப் பார்த்த சகோதரிகள் என்ன கண்டீர்கள் என்று இதே பகுதிக்கு எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

- ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்.